ஓவியம் பார்த்துப் பூ அடுக்குதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஓவியங்களைத் தழுவிச் செய்யப்படும் மலர் அலங்காரத்தைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். ஒரே செய்தியைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: பாஸ்டன் நகரில் வசிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது அங்குள்ள அருங்காட்சியகத்தில் பல ஓவியங்களுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு பூச்சாடி வைத்திருப்பதைக் கண்டேன். சில சாடிகளுக்கும் ஓவியத்துக்கும் உள்ள தொடர்பு உடனே விளங்கியது. சிலவற்றில் எவ்வளவு நேரம் நின்று பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. இது என்ன வழக்கம்? இதை எப்படிப் பார்க்க வேண்டும்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் பார்த்தது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வசந்த காலத்தில் நடைபெறும் 'ஆர்ட் இன் ப்ளூம்' என்னும் விழாவாக இருக்க வேண்டும். 1976-இல் தொடங்கிய இந்த விழாவை அருங்காட்சியகத்தின் தன்னார்வலர்கள் முன்னின்று நடத்துகிறார்கள். அந்த வட்டாரத்துத் தோட்டக் கழகத்தினரும் தொழில்முறை மலர்க் கலைஞர்களும் ஆளுக்கொரு ஓவியத்தையோ சிற்பத்தையோ எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக ஒரு மலர் அலங்காரத்தைச் செய்து அருகில் வைப்பார்கள். சில நாட்களில் எல்லாம் அகற்றப்பட்டுவிடும். சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் 'பொக்கேஸ் டு ஆர்ட்' என்ற பெயரில் 1984 முதல் இதே போன்ற விழா நடந்துவருகிறது. மினியாபொலிஸ், செயின்ட் லூயிஸ் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களும் இந்த வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கின்றன.

உங்களுக்கு உடனே விளங்கிய சாடிகள் பெரும்பாலும் நிறத்தைப் பொருத்தியவையாக இருந்திருக்கும். ஓவியத்தில் சிவப்புப் பாவாடை இருந்தால் சாடியில் சிவப்பு ரோஜா, பின்னணி நீலமாக இருந்தால் டெல்ஃபினியம் என்று அமைப்பது எளிது. பார்ப்பவருக்கும் மகிழ்ச்சி தரும். ஆனால் என் கணிப்பில் இந்தக் கலையின் மிகத் தாழ்ந்த படி அதுதான். ஓவியத்தில் எது நம்மை நிறுத்துகிறதோ அதைக் கண்டுபிடித்து, அது ஒன்றை மட்டும் பூவுக்கு மாற்றுவதே மேலான வேலை.

அதே அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் ஓவியத்தை வைத்தே இதை விளக்கலாம். ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1882-இல் தீட்டிய 'எட்வர்ட் டார்லி பாய்ட்டின் மகள்கள்' ஏறத்தாழச் சதுரமான, ஓர் ஆளைவிட உயரமான படம். நான்கு சிறுமிகளில் இளையவள் முன்னால் கம்பளத்தில் பொம்மையோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்தி இடப்பக்கம் கைகளைப் பின்னால் கட்டியபடி நிற்கிறாள். மூத்த இருவரும் பின்னறையின் இருட்டில் பாதி கரைந்துபோனவர்களாகத் தெரிகிறார்கள், அவர்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓர் உயரமான ஜப்பானியச் சாடியின் மேல் சாய்ந்திருக்கிறாள். அந்தச் சாடிகள் இரண்டையும் குடும்பத்தார் பின்னாளில் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டதால், படத்தில் காணும் சாடிகளே இன்று படத்துக்கு இருபுறமும் நிற்கின்றன. இந்த ஓவியத்துக்கு அலங்காரம் செய்ய வருகிறவர் நீலமும் வெள்ளையுமான ஒரு சாடியில் வெள்ளைப் பூக்களை நிரப்பினால் பார்வையாளர் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் படத்தின் வலு அதன் நடுவே கிடக்கும் வெற்றிடத்திலும், சிறுமிகள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதிலும் உள்ளது. எனவே தாழ்வாக ஒரு வெள்ளைப் பூ, தள்ளி ஓரமாக இன்னொன்று, பின்னால் கருஞ்சிவப்பு இலைகளின் நிழலில் பாதி மறைந்த இரண்டு, நடுவில் ஒன்றுமில்லாத பெரும் இடைவெளி, வலப்புறம் படத்திலுள்ள சிவப்புத் தடுப்புத் தட்டியை நினைவூட்டும் ஒரே ஒரு சிவப்புக் கோடு என்று அமைத்தால் அது படத்தைப் புரிந்துகொண்டவர் செய்த அலங்காரமாக இருக்கும். உங்களுக்குப் பிடிபடாத சாடிகளில் சிலவாவது இந்த வகையைச் சேர்ந்தவையாக இருந்திருக்கலாம். மற்றவை உண்மையிலேயே தோற்றுப்போனவையாகவும் இருக்கலாம்; அதற்கும் இடம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: பதினேழாம் நூற்றாண்டு நெதர்லாந்து ஓவியங்களில் காணும் பெரிய பூங்கொத்துகளை அப்படியே செய்து பார்க்க ஆசைப்படுகிறேன். எத்தனை முறை அடுக்கினாலும் பூக்கள் சரிகின்றன, சாடி கவிழ்கிறது. ஓவியர் எப்படி அடுக்கினார்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அவர் அடுக்கவே இல்லை. உங்கள் கையில் குறையொன்றும் இல்லை. நீங்கள் பின்பற்ற முயலும் கொத்து எந்த மேசையின் மேலும் ஒரு நாளும் இருந்ததில்லை.

அந்த ஓவியங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு பூக்களைப் பருவவாரியாகப் பிரித்துப் பாருங்கள். துலிப்பும் ஹயசின்தும் வசந்தத்தின் முற்பகுதியில் பூப்பவை. ஐரிஸும் பியோனியும் அதற்குப் பிந்தியவை. பழைய வகை ரோஜாக்கள் ஜூன் மாதத்துக்கு உரியவை. இவை அனைத்தும் ஒரே சாடியில் ஒரே நேரத்தில் மலர்ந்து நிற்பதாக ஓவியர் தீட்டினார். பூ கிடைத்தபோது அதைப் பார்த்து வரைந்து, மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்ததைச் சேர்த்து, அல்லது முன்பே தனித்தனியாக வரைந்து வைத்திருந்த பூப்படங்களிலிருந்து எடுத்துச் சேர்த்து, இல்லாத ஒரு கொத்தை அவர் உருவாக்கினார். மூத்த யான் பிரூகல் என்னும் ஓவியர், மிலான் நகரின் கர்தினால் ஃபெடரிகோ பொரோமெயோவுக்கு 1606-இல் எழுதிய கடிதத்தில், ஆன்ட்வெர்ப்பில் கிடைக்காத சில பூக்களை நேரில் கண்டு வரைவதற்காகவே பிரஸ்ஸல்ஸ் வரை போனதாகத் தெரிவிக்கிறார். யான் வான் ஹைசும் என்னும் ஓவியர் 1742-இல் ஒரு மஞ்சள் ரோஜா கிடைக்காததால் படத்தை முடிக்க இயலவில்லை என்று தம் புரவலருக்கு எழுதினார். லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள அவருடைய 'சுடுமண் சாடியில் பூக்கள்' 1736, 1737 என இரண்டு ஆண்டுகளையும் தாங்கியிருப்பதற்கு இப்படிப்பட்ட காத்திருப்பே காரணம் எனக் கொள்ளலாம்.

பருவம் மட்டும் அல்ல, எடையும் பொய்தான். சாடியின் கழுத்தோ குறுகியது. அதில் படத்திலுள்ள தண்டுகளில் பாதிகூட நுழையாது. உச்சியில் ஒரு கனத்த துலிப்போ கிரௌன் இம்பீரியல் என்னும் பெரிய பூவோ நிற்கும். அதன் தண்டு எங்கே போய் நீரைத் தொடுகிறது என்று கேட்டால் விடை கிடையாது. முற்காலத்தவரான அம்புரோசியஸ் பாஸ்ஷார்ட் போன்றவர்கள் ஒரு பூ இன்னொன்றை மறைக்காதபடி எல்லாவற்றையும் முகம் காட்டி நிறுத்தினார்கள், ஏனெனில் அக்காலத்தில் ஒவ்வொரு பூவும் விலையுயர்ந்த அரும்பொருள். பணம் கொடுப்பவருக்கு ஒன்றுகூட மறையக் கூடாது. பின்னர் வந்த வில்லெம் வான் ஆல்ஸ்ட் இந்தச் சமநிலையைக் கலைத்து, கொத்தை ஒருபுறமாகச் சாயவிட்டார். அவரிடம் பதினைந்தாம் வயதில் மாணவியாகச் சேர்ந்த ரேச்சல் ரைஸ் (1664–1750) அந்தச் சாய்வைத் தம் ஓவியங்களின் உயிராக்கினார். அவருடைய தந்தை ஃபிரெடெரிக் ரைஸ் உடற்கூற்றியல் அறிஞர், தாவரவியல் பேராசிரியர்; பூச்சிகளும் செடிகளும் பதப்படுத்தப்பட்ட உயிரினங்களும் நிறைந்த வீட்டில் வளர்ந்ததால், ஓர் இலையைப் புழு எப்படி அரிக்கும், வாடும் இதழ் எந்த இடத்தில் முதலில் சுருளும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பத்துக் குழந்தைகளைப் பெற்று, டூசல்டார்ஃப் அரசவை ஓவியராகவும் இருந்து, எண்பது வயதைக் கடந்தும் அவர் தீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கென்றே அமைந்த பெருங்கண்காட்சி 2024 முதல் 2025 வரை மியூனிக், டொலீடோ, பாஸ்டன் ஆகிய மூன்று நகரங்களில் நடந்தது.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். படத்தின் பூக்களை எண்ணி வாங்காதீர்கள். அதன் சாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ரேச்சல் ரைஸின் கொத்துகளில் மேல் ஓரத்திலிருந்து எதிர்ப்புறக் கீழ் ஓரம் வரை பாம்பு போல் வளைந்து செல்லும் ஒரு கோடு பெரும்பாலும் இருக்கும். ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1753-இல் இத்தகைய வளைகோட்டையே அழகின் கோடு என்று எழுதினார். இன்றும் மலர் அலங்காரம் கற்பிப்போர் அதை ஹோகார்த் வளைவு என்றே அழைக்கிறார்கள். முதலில் வளைந்த கிளைகள் இரண்டால் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு, கனத்த பூக்களைச் சாடியின் வாய்க்கு அருகிலும், இலேசானவற்றைக் கோட்டின் நுனிகளிலும் வையுங்கள். சாடிக்குள் கோழிவலைக் கம்பியை உருண்டையாகச் சுருட்டிப் போட்டால் தண்டுகள் நினைத்த கோணத்தில் நிற்கும். அகன்ற அடியுள்ள கனமான சாடியைத் தேர்ந்தெடுங்கள். படத்திலுள்ள கண்ணாடிச் சாடி படத்தில் மட்டுமே நிற்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். துலிப் வெட்டிய பிறகும் வளரும், வெளிச்சம் வரும் பக்கம் திரும்பும். இன்று மாலை நீங்கள் அமைத்த வடிவம் நாளை மாலை இருக்காது. அதைப் பிழையாகக் கருதி ஒடித்துத் திருத்த வேண்டாம். அந்த ஓவியங்களின் துலிப்புகளும் இப்படித் துவண்டு வளைந்தவையே. அடுத்தது, படத்தில் பூவோடு பழமும் இருக்கிறதே என்று பழுத்த ஆப்பிளையும் பீச்சையும் சாடியருகே குவிக்காதீர்கள். பழம் கனியும்போது வெளிவரும் எத்திலீன் வாயு கார்னேஷன் போன்ற பூக்களை விரைவில் வாட்டிவிடும்.

கேள்வி: அந்த ஓவியங்களில் வெள்ளையில் சிவப்புத் தீ நாக்குகள் ஓடும் துலிப் இப்போது கிடைக்குமா? (வாசகர், பெங்களூரு)

பதில்: அதே பூ வணிகத்தில் கிடைக்காது. அந்தக் கோடுகள் ஒரு வைரஸ் நோயின் விளைவு. செடிப்பேன்கள் அதைப் பரப்புகின்றன. இதழில் சிவப்பு நிறமி சில இடங்களில் உருவாகாமல் போவதால் அடியிலுள்ள வெள்ளையோ மஞ்சளோ வெளித்தெரிகிறது. நோயுற்ற கிழங்கு ஆண்டுக்கு ஆண்டு நலிந்து, குட்டிக் கிழங்குகளைக் குறைவாகவே தரும். அதனால் பூ அரிதாகி, அரிதானதால் விலையேறி, 1637 பிப்ரவரியில் நெதர்லாந்தின் துலிப் வணிகம் சரிந்த கதை பலரும் அறிந்தது. காரணம் ஒரு வைரஸ் என்பதை இங்கிலாந்தில் டோரதி கெய்லி 1928-இல் காட்டினார். இன்று 'ரெம்ப்ராண்ட் துலிப்' என்று விற்கப்படுபவை நோயில்லாமல் மரபு வழியாகவே கோடு பெற்ற வகைகள். அவற்றின் கோடுகள் சற்றுத் தடித்தவை. நெருக்கமான மாற்று வேண்டுமானால் பேரட் துலிப்பைப் பயன்படுத்தலாம். இதழ்விளிம்பு கிழிந்து சுருண்டிருப்பதால் அசைவு கூடும்.

கேள்வி: வான் கோவின் ரோஜா ஓவியத்தைப் பார்த்து வெள்ளை ரோஜாக்களால் ஓர் அலங்காரம் செய்தேன். பார்த்த நண்பர், அந்த ரோஜாக்கள் வெள்ளையே அல்ல என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: இருவரும். 1890 மே மாதம், செயின்ட் ரெமியின் மனநலக் காப்பகத்திலிருந்து வெளியேறும் தறுவாயில், வான் கோ நான்கு பூ ஓவியங்களை ஒரு தொகுதியாகத் தீட்டினார். அவற்றில் இரண்டு ஐரிஸ், இரண்டு ரோஜா. ஒவ்வொன்றிலும் ஒன்று நெடுக்குவாட்டம், மற்றது குறுக்குவாட்டம். இன்று இரண்டு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், ஒன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலும், ஒன்று ஆம்ஸ்டர்டாமின் வான் கோ அருங்காட்சியகத்திலும் உள்ளன. நான்கும் 2015-இல் நியூயார்க்கில் ஒன்றாக வைக்கப்பட்டபோது, அவற்றின் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டினார்கள். வான் கோ பயன்படுத்திய ஒருவகைச் சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளிறும் இயல்புடையது. வெள்ளையோடு அதைக் கலந்து தீட்டிய ரோஜாக்களில் சிவப்பு மறைந்து வெள்ளை மட்டும் நின்றுவிட்டது. நீலத்தோடு கலந்து தீட்டிய ஊதா ஐரிஸ்கள் நீலமாகிவிட்டன. ஓர் ஐரிஸ் படத்தின் இளஞ்சிவப்புப் பின்னணியும் ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. ரோஜாக்கள் இளஞ்சிவப்பானவை என்பது அவருடைய கடிதங்களிலிருந்தும் தெரிகிறது. தாம் வாங்கும் புதுவகைச் சாயங்கள் நிலைக்காது என்பதை அவர் அறிந்தே இருந்தார். காலம் எப்படியும் அவற்றைத் தணித்துவிடும், ஆகவே இன்னும் அழுத்தமாகப் பூசலாம் என்பது அவர் கணக்கு.

அப்படியானால் எந்த நிறத்தில் செய்வது? அருங்காட்சியகத்தில் படத்துக்கு அருகிலேயே வைக்கும் அலங்காரமானால், நான் இளஞ்சிவப்பையே தேர்ந்தெடுப்பேன். பச்சைப் பின்னணிக்கு எதிராக இளஞ்சிவப்பு, மஞ்சளுக்கு எதிராக ஊதா என எதிர் நிறங்களை மோதவிடுவதே அந்தத் தொகுதியின் அடிப்படை. அந்த மோதலைச் சுவரில் உள்ள படம் இழந்துவிட்டது; அருகிலுள்ள சாடியில் ஒரு வாரமாவது அது திரும்பி வரட்டும். வீட்டில் செய்வதென்றால் இன்னொரு வழியும் உண்டு: மொட்டில் இளஞ்சிவப்பாக இருந்து விரிய விரிய வெளிறும் ரோஜா வகைகளைத் தேடிப் பிடித்தால், படத்துக்கு நூறாண்டில் நேர்ந்தது உங்கள் சாடியில் நான்கு நாட்களில் நேரும்.

கேள்வி: பூவே இல்லாத ஓவியங்களை என்ன செய்வது? மொண்ட்ரியானின் கட்டங்களைப் போன்ற அரூப ஓவியத்துக்குப் பூ எப்படிப் பொருந்தும்? (வாசகர், சென்னை)

பதில்: என் அனுபவத்தில் அரூப ஓவியமே எளிது. அங்கே நகலெடுக்க ஒன்றும் இல்லாததால், செய்பவர் முதல் நொடியிலிருந்தே சிந்திக்க வேண்டியதாகிறது.

சூரிச் கலைக்கூடத்தில் உள்ள, 1930-இல் மொண்ட்ரியான் தீட்டிய சிவப்பு, நீலம், மஞ்சள் கொண்ட ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். மேலே வலப்புறம் பெரும்பகுதியை ஒரு சிவப்புச் சதுரம் அடைத்துக்கொண்டிருக்கிறது. கீழே இடப்புறம் சிறிய நீலம், வலப்புற அடி மூலையில் அதனினும் சிறிய மஞ்சள், மீதி வெள்ளை, நடுவே கறுப்புக் கோடுகள். இவ்வளவு பெரிய சிவப்பு ஏன் படத்தை ஒருபக்கமாக இழுத்துவிடவில்லை என்பதே இதில் ஆராயத்தக்கது. நீலம் சிறிதானாலும் ஆழ்ந்த நிறமுடையது. எதிர் மூலையில் இருக்கிறது. சிவப்புக்கு எடைகட்டி நிற்க அது போதும். பூவுக்கு மாற்றும்போது இந்த எடைக்கணக்கைத்தான் மாற்ற வேண்டும். ஒரே வகைச் சிவப்பு ஜெர்பராவையோ கார்னேஷனையோ நெருக்கமாகக் கத்தரித்து ஒரு தட்டையான பரப்பாக்கி மேலே நிறுத்தலாம். எதிரே தாழ்வாக, கருநீலமான ஒரே ஒரு பூத்தலை. கோடுகளுக்கு ஹார்ஸ்டெயில் எனப்படும் குதிரைவால் செடியின் நேர்த்தண்டு போன்ற ஏதேனும் ஒன்று. இலை வேண்டாம். முக்கியமாக, வெள்ளையை வெள்ளைப் பூவால் நிரப்ப வேண்டாம், அதை வெற்றிடமாகவே விடுங்கள்.

இலை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு மொண்ட்ரியானே சாட்சி. அவர் பிழைப்புக்காகப் பல ஆண்டுகள் பூக்களை வரைந்து விற்றவர். அவருடைய செவ்வந்திப் படங்கள் மிக நுட்பமானவை. ஆனால் பாரிஸ் நகரத்துக் கூடத்தில் அவர் வைத்திருந்தது ஒரு செயற்கைத் துலிப் மட்டுமே; பச்சை நிறத்தைக் கண்ணில் காணப் பிடிக்காததால் அதன் இலைக்கு வெள்ளை வண்ணம் பூசியிருந்தார். 1926-இல் அந்த வீட்டைப் படமெடுத்த ஆந்த்ரே கெர்டேஸின் புகழ்பெற்ற புகைப்படத்தில் வாசலருகே மேசைமேல் அந்தத் துலிப்பைக் காணலாம்.

மார்க் ராத்கோவின் ஓவியங்களுக்கு இந்த முறை உதவாது. அவருடைய நிறப்பரப்புகளுக்கு விளிம்பு கிடையாது. மெல்லிய பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து உள்ளிருந்து ஒளிர்வது போல் தோன்றும். அங்கே ஒரே பூவின் நான்கைந்து சாயைகளைக் கலந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாதபடி அடுக்க வேண்டும். இரண்டு ஓவியர்களையும் ஒரே நாளில் முயன்று பார்ப்பது நல்ல பயிற்சி.

கேள்வி: விலைமதிப்பற்ற ஓவியங்களுக்கு அருகில் நீரும் பூவும் வைப்பது ஆபத்தில்லையா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: ஆபத்துதான். அருங்காட்சியகப் பாதுகாவலர்கள் நீரைவிடப் பூச்சியைக் கண்டே அதிகம் அஞ்சுகிறார்கள். கம்பள வண்டு என்று ஒரு சிறு பூச்சி உண்டு. வளர்ந்த வண்டு பூவின் மகரந்தத்தையும் தேனையும் உண்ணும், அதன் புழுவோ கம்பளி, பட்டு, இறகு, தோல் ஆகியவற்றைத் தின்னும். பூவோடு உள்ளே வரும் ஒரு பெண் வண்டு அடுத்த கூடத்துப் பழந்துணி ஒன்றில் முட்டையிட்டால் போதும். எனவே இத்தகைய விழாக்களில் பூக்கள் நேரே கூடத்துக்குள் செல்வதில்லை. தனி இடத்தில் சோதிக்கப்பட்ட பிறகே செல்லும். மண்ணோடு கூடிய தொட்டிச் செடி, பாசி, பட்டை உரியும் கிளை, பழுத்த பழம் போன்றவற்றைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. லில்லிப் பூவின் மகரந்தப் பைகளை முன்பே கிள்ளி அகற்றிவிட வேண்டும், ஏனெனில் அந்தத் தூள் பட்ட கறை எளிதில் போகாது. சாடி நீர் கசியாததாக இருக்க வேண்டும். சரிந்து விழுந்தாலும் ஓவியத்தைத் தொடாத தொலைவில் பீடம் அமைய வேண்டும். ஓவியத்தின் பக்கமாக நீரைத் தெளிக்கவே கூடாது. கொத்தின் உயரத்தையும் விரிவையும் முன்கூட்டியே எழுதித் தரச் சொல்வதும் உண்டு. இந்தக் கட்டுப்பாடுகளைக் கண்டு அலங்காரக் கலைஞர்கள் முணுமுணுப்பது இயல்பு. ஆனாலும் இவற்றைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி: பச்சை நிற ஃபோம் கட்டியைப் பயன்படுத்தலாமா? (வாசகி, மதுரை)

பதில்: தவிர்க்கலாம். 1954-இல் அமெரிக்காவின் ஓஹாயோவில் வெர்னன் ஸ்மிதர்ஸ் உருவாக்கிய இந்தக் கட்டி, தண்டை எந்தக் கோணத்திலும் பிடித்துக்கொண்டு நீரையும் உறிஞ்சி வைப்பதால் அலங்காரக்காரர்களின் செல்லப் பொருளாயிற்று. ஆனால் அது மக்காத பிளாஸ்டிக். நொறுங்கி நுண்துகளாக நீரில் கலக்கிறது. பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் தன் கண்காட்சிகளில் 2021 முதல் அதைத் தடைசெய்துவிட்டது. முன்பு சொன்ன கோழிவலைக் கம்பியோ, ஜப்பானியர் பயன்படுத்தும் கென்சான் என்னும் முள்தட்டோ போதும். முள்தட்டை ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் உழைக்கும்.

கேள்வி: ஓவியத்தைப் பார்த்து அலங்காரம் செய்வது போல், அலங்காரத்தைப் பார்த்து ஓவியம் தீட்டியதுண்டா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உண்டு, அதில் ஒரு நிகழ்வு இந்தக் கலையின் வரலாற்றிலேயே குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தின் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை (1886–1960) பழைய நெதர்லாந்து ஓவியங்களைக் கூர்ந்து பார்த்துக் கற்றவர். ஓவியர்கள் முட்டைக்கோஸ் இலையையும் விதைக்காயையும் காட்டுக்கொடியையும் ரோஜாவுக்குச் சமமாக நடத்தியதைக் கண்டு, அவரும் கேல் கீரை இலை, வேலியோரக் களைகள், காய்ந்த விதைத் தலைகள் ஆகியவற்றைச் செல்வந்தர் வீட்டு விருந்து மேசைகளில் ஏற்றினார். 1953-இல் இரண்டாம் எலிசபெத் முடிசூட்டு விழாவின் மலர்ப் பணிகளிலும் அவருக்குப் பெரும்பங்கு இருந்தது. அவருடைய முழுவெள்ளை அலங்காரம் ஒன்றை முன்னால் வைத்து, க்ளக் என்ற பெயரில் ஓவியம் தீட்டிவந்த கலைஞர் 1932-இல் 'க்ரோமாட்டிக்' என்னும் படத்தை உருவாக்கினார். ஓவியத்திலிருந்து சாடிக்கு வந்த பாடம் சாடியிலிருந்து மீண்டும் ஓவியத்துக்குப் போனது.

பிரெஞ்சு ஓவியர் மானே தம் கடைசி மாதங்களில், 1882, 1883 ஆகிய ஆண்டுகளில், நண்பர்கள் நோய்ப்படுக்கைக்குக் கொண்டுவந்த பூக்களைச் சிறு கண்ணாடிச் சாடிகளில் வைத்துத் தீட்டிய சிறிய படங்களும் இங்கே நினைக்கத்தக்கவை. அவற்றில் யாரும் திட்டமிட்டு அடுக்கிய தோற்றம் இல்லை. நீருக்குள் தண்டுகள் உடைந்து தெரிவதை அவர் பூவைக் காட்டிலும் கவனமாகத் தீட்டியிருக்கிறார். கண்ணாடிச் சாடியைப் பயன்படுத்த விரும்புவோர் அந்தப் படங்களை ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நீருக்குக் கீழே இருப்பதும் அலங்காரத்தின் பகுதிதான் என்பது அப்போது புரியும்.

கேள்வி: இவை எல்லாம் குளிர்நாட்டுப் பூக்கள். நம் ஊர்ப் பூக்களைக் கொண்டு முயல வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது? (வாசகி, திருச்சி)

பதில்: முதல் தடை பூ அல்ல, காம்பு. நம் பூச்சந்தைகளில் மல்லிகை, சாமந்தி, அரளி, சம்மங்கி எல்லாம் பெரும்பாலும் தொடுப்பதற்காகத் தலையாகக் கிள்ளப்பட்டு எடைக்கு விற்கப்படுகின்றன. சாடியில் நிறுத்த நீண்ட தண்டு வேண்டும். தண்டோடு சம்மங்கியும் கோழிக்கொண்டையும் வேண்டும் என்று முதல்நாளே சொல்லி வைத்தால் விவசாயிகள் வெட்டித் தருவார்கள். ஓசூர்ப் பகுதி ரோஜாவும், நீலகிரியின் கார்னேஷனும் கொய்மலர்க் கடைகளில் தண்டோடு கிடைக்கின்றன.

ஓவியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பூ ஓவியத்தை விட்டுவிடுங்கள். ஒற்றை உருவம் கொண்ட ஒரு படத்தை எடுங்கள். உடலின் சாய்வு எந்தப் பக்கம், தலை எங்கே திரும்புகிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் கோடுகளாக மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தாழ்வான தட்டு, ஒரு முள்தட்டு, ஒரு வளைந்த கிளை, மூன்று பூ ஆகியவை முதல் முயற்சிக்குப் போதும். கிடைக்குமானால் செங்காந்தளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உலக மலர்ச் சந்தையில் நல்ல விலைக்குப் போகும் கொய்மலர் அது. இதழ்கள் மேல்நோக்கிச் சுருண்டு எரிவதால் அசைவுள்ள எந்த ஓவியத்துக்கும் ஈடுகொடுக்கும். ஆனால் கிழங்கு முதல் விதை வரை கடும் நஞ்சுள்ளது. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டிய கையை உடனே கழுவுங்கள். சாடி நீரைச் செடிகளுக்கு ஊற்றாமல் வடிகாலில் கொட்டிவிடுங்கள்.